‘செகண்டு’ வந்த வழியும் ‘இரண்டாம்’ போகும் வழியும்

ஆனித் திங்களில் சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு தென்காசியினின்று குற்றாலத்திற்குப் பேருந்தேறினேன். பேரருவி நெருங்கிற்று. “மெயின் பால்சு எல்லாம் எறங்கு! பர்சுட்டு எறங்குறவங்களுக்கு வழி விடு! பைவ் பால்சு போறவங்க உள்ள போ!” என்று நடத்துநர் கூவினார். அவர் தமிழர்; இறங்கியவரும் ஏறியவரும் தமிழர்; அருவியும் தமிழருவி. கூவிய சொற்களில் மட்டும் பாதிக்குமேல் தமிழில்லை.

என்னருகில் நின்றிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, ‘ஒன்’ என்பதற்கும் ‘பர்சுட்டு’ என்பதற்கும் ஒட்டே இல்லையே! ‘டூ’ என்பதற்கும் ‘செகண்டு’ என்பதற்கும் உறவே இல்லையே! பிறகு ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?”

“நல்ல வினா, தம்பி!” என்றேன். அவன் அத்துடன் விடவில்லை. “நீங்களும் நேற்று, ‘செகண்டு பீரியடில் தேர்வு’ என்றுதானே சொன்னீர்கள், ஐயா?” என்றான்.

அருவி நீர் தலையில் விழுமுன்னரே யான் நனைந்துபோனேன். முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கின்றவன் யான். மேடையேறித் தனித்தமிழ் முழங்குகின்றவன். என் வாயினின்றும் அச்சொல் யானறியாமலே வழுவியிருக்கின்றது. அம்மாணவனுக்கு அன்று ஐந்தருவிக்கரையில் அமர்ந்து சொன்ன விடையையே, என்னையும் திருத்திக்கொள்ளும் பொருட்டு, ஈண்டு விரித்தெழுதுகின்றேன்.

முதற்கண் ‘பர்சுட்டு’ என்பதைக் காண்போம். அஃது ஒன்று என்னும் எண்ணடியாகப் பிறந்ததன்று. முன் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் உச்சநிலை வடிவமே அது; ‘யாவற்றினும் முன்னது’ என்பதே அதன் பொருள். நம் ‘முதல்’ என்பதும் ஒன்று என்னும் எண்ணடியாகப் பிறந்ததன்று. முன், முந்து, முகம், முது, மூப்பு என்னும் சொற்களோடு அதனையும் ஓரினமாக வைத்து, ‘மு’ என்னும் முன்மைக் கருத்து வேரினின்று கிளைத்ததாகக் கொள்வர் நம் வேர்ச்சொல்லறிஞர். எண்ணுதற்கு முன்னரே மாந்தன் முன்னும் பின்னும் அறிந்தான்; ஆகலின் இருமொழியிலும் முதற்பெயர் இடத்தினின்று பிறந்தது. இதில் அவர்க்கும் நமக்கும் வேற்றுமையில்லை.

வேற்றுமை இரண்டாவதில்தான் தொடங்குகின்றது. ‘செகண்டு’ என்பது ஆங்கிலரின் சொல்லே அன்று. ‘பின்தொடர்தல்’ என்று பொருள்படும் இலத்தீன வினையடியாகப் பிறந்த ‘செகுந்துசு’ என்னும் சொல் பிரெஞ்சுக்குச் சென்று, பிரெஞ்சினின்று ஆங்கிலத்துள் நுழைந்தது. ‘பின்தொடர்வது, அடுத்து வருவது’ என்பதே அதன் பொருள். அவ்வாறாயின், அது வருமுன் ஆங்கிலர் இரண்டாவதை எங்ஙனம் குறித்தனர்? ‘மற்றது’ என்று பொருள்படும், இன்று ‘அதர்’ என ஒலிக்கும் சொல்லாலேயே குறித்தனர். அதுவே அவர்தம் தாய்வழிச் சொல். கி.பி. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையும் வழக்குமன்றமும் உயர்குடியும் பிரெஞ்சு பேசின. அதன்பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ‘செகண்டு’ மெல்ல உட்புகுந்து வேரூன்ற, ‘அதர்’ தன் இரண்டாமிடத்தை இழந்தது. இன்று ஒன்றுவிட்டொருநாள் என்பதற்கு அவர்கள் ‘எவ்ரி அதர் டே’ என்கின்றனரே, அத்தொடரில் மட்டும் அப்பழம்பொருள் புதைபொருளெனக் கிடக்கின்றது.

இதில் நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. வென்றவன் மொழி ஆங்கிலரின் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்ணுப்பெயர்களைத் தொடவில்லை. சந்தையில் முட்டையெண்ணும் உழவன் அவற்றை விடாது பிடித்துக்கொண்டான். ஆனால் இரண்டாவதைக் குறிக்கும் வரிசைப்பெயர் வீழ்ந்தது. எண்ணுவது எளியவன் தொழில். வரிசைப்படுத்துவதோ ஆள்பவன் தொழில். யார் முதல், யார் அடுத்து என வகுக்கும் இடத்தில் எவன் அமர்கின்றானோ, அவன் மொழியே அவ்விடத்தில் பேசுகின்றது. நம் நாட்டிலும் அஃதே நிகழ்ந்தது. வகுப்பையும் தரத்தையும் மதிப்பெண் வரிசையையும் தொடர்வண்டிப் பெட்டியையும் வகுத்தவன் வெள்ளையன். மூன்றாம் வகுப்புப் பெட்டி 1974இல் நீக்கப்பட்டுவிட்டது. அவன் நாட்டைவிட்டு நீங்கியதோ அதற்கும் இருபத்தேழு ஆண்டுகள் முன்னர். அவன் விட்டுச்சென்ற ‘பர்சுட்டு, செகண்டு, தேர்டு’ மட்டும் நம் நாவைவிட்டு நீங்கவில்லை.

இனி, நம் கருவூலத்தைப் பார்ப்போம். ஆங்கிலர் இழந்த அந்த ‘மற்றது’ என்னும் கருத்து நம்மிடம் இன்றும் உயிரோடிருக்கின்றது. ‘மறு’ என்னும் சொல்லைக் காண்க. மறுநாள் என்பது அடுத்த நாள். மறுமணம் என்பது இரண்டாவது மணம். மறுவீடு என்பது மணமக்கள் மீண்டும் பெண்வீடு செல்லும் நம் நெல்லைச்சீமை வழக்கு. குளம் நிரம்பி வழியும் நீர் செல்வது மறுகால். பிறிது, அடுத்தது, இரண்டாவது என்னும் மூன்று கருத்தும் அவ்வொரு வேரில் நிற்கின்றன. ஆங்கிலர்க்குத் தொல்பொருளாய்ப்போனது நம் ஆயத்தியரும் உழவரும் நாடோறும் வழங்கும் சொல்லாய் இருக்கின்றது.

இரண்டாம், இரண்டாவது என்னும் நம் வடிவங்களோ அவற்றினும் வியப்புக்குரியன. ‘ஆம்’ என்பதும் ‘ஆவது’ என்பதும் பொருளற்ற ஒட்டுகள் அல்ல. ‘ஆ’ என்னும் உயிருள்ள வினையின் வடிவங்கள். தொல்காப்பியர் வேற்றுமைகளை வரிசைப்படுத்துங்கால் ‘இரண்டாகுவது’, ‘மூன்றாகுவது’ என்றே ஆள்கின்றார். அவ்வாகுவதே ஆவதாயிற்று. இரண்டு ஆகுவது எதுவோ அது இரண்டாவது. சொல்லே தன் பொருளைத் தானே சொல்லிவிடுகின்றது! ஆறு அகவைக் குழந்தைக்கு இந்த ஒரு நெறியைக் காட்டிவிட்டால், நூற்றிருபத்தேழாவது வரையிலும் அதற்கப்பாலும் தானே சொல்லிக்கொள்ளும். ஆங்கிலக் குழந்தையோ முதல் மூன்றையும் நெட்டுருப்போட வேண்டும். ஐந்தாவதில் ஒலி மாறும். ஒன்பதாவதில் எழுத்துக் குறையும். பன்னிரண்டாவதில் மீண்டும் மாறும். நம் மொழியில் நெறிவிலகுவது முதல் ஒன்றே. அதற்கும் ஒன்றாம் வகுப்பு, இருபத்தொன்றாம் நாள் என நெறிவழி வடிவம் உடனிருக்கின்றது.

இன்னுமொன்று. ‘நீ உன் பெற்றோர்க்கு எத்தனையாவது பிள்ளை?’ என்று கேட்கின்றோமே, அந்த ‘எத்தனையாவது’ என்னும் ஒரு சொல்லுக்கு நேரான வழக்குச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்டாகவேண்டும். விடையைக் கடன் கொடுக்க வந்த மொழிக்கு வினாவே இல்லை என்றால், அவ்விடையை நாம் ஏன் கடன் வாங்கவேண்டும்?

பாண்டியர் கல்வெட்டுகளைப் பயின்றோர் அறிவர்: ஆட்சியாண்டைக் குறிக்குங்கால் இத்தனையாவதின் எதிர் இத்தனையாவது என இரட்டை வரிசையெண் பொறிப்பது அவர் வழக்கம். கல்வெட்டறிஞர் இரண்டையும் கூட்டி ஆண்டைக் கணிப்பர். ஓர் அரசின் காலக்கணக்கையே ‘ஆவது’ என்னும் இச்சிறு சொல் கல்லில் தாங்கி நின்றது. அத்துணை வலியுடைய சொல்லைத்தான் இன்று பேருந்துப் படிக்கட்டில் உதறிவிட்டு இறங்குகின்றோம்.

‘செகண்டு’ என்னும் ஒரு சொல்லை ஆங்கிலர் பல பொருட்கு வழங்குகின்றனர். காலத்தின் சிறுகூறும் அதுவே. அதன் வரலாறும் வரிசையெண் வரலாறே. பாபிலோனியர் வழிவந்த அறுபதின் கூறாக்கத்தில், ஒரு பாகையை அறுபதாகப் பகுத்த முதற் சிறுகூறு ஒன்று. அதனை மீண்டும் அறுபதாகப் பகுத்த இரண்டாம் சிறுகூறு மற்றொன்று. இலத்தீனத்தில் ‘சிறுகூறு’ என்ற சொல் முன்னதற்கு ‘மினிட்’ எனவும், ‘இரண்டாம்’ என்ற சொல் பின்னதற்குச் ‘செகண்டு’ எனவும் தனித்தனியே பெயராய் நின்றுவிட்டன. ‘இரண்டாம்’ என்று மட்டும் சொன்னால், எதன் இரண்டாம் என்பது யார்க்கும் விளங்காது. அஃது ஓர் அரைகுறைப் பெயர். இன்று அறிவியலார் சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகாலமே அவ்வளவென 1967இல் வரையறுத்தனர். அளவு திருந்திற்று; பெயர் திருந்தவில்லை.

நாமோ இதற்கு ‘வினாடி’ என்று எழுதி, தமிழாக்கிவிட்டதாக மகிழ்கின்றோம். இஃது இருவகையிற் பிழை. அச்சொல் வடமொழி முன்னொட்டுடையது என்பது ஒன்று. அளவும் பொருந்தாது என்பது மற்றொன்று. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை இருபத்துநான்கு மணித்துளி. வினாடி என்பது நாழிகையின் அறுபதிலொரு கூறு. கணக்கிட்டுப் பாருங்கள்: இருபத்துநான்கு ‘செகண்டு’ சேர்ந்ததே ஒரு வினாடி! பழங்கணியரின் வினாடியைக் கொண்டு ஓட்டப்பந்தயம் அளந்தால், வென்றவன் யாரெனத் தெரியுமுன் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பர். நமக்கு ‘நொடி’ இருக்கின்றது. கைந்நொடிக்கும் பொழுதே நொடி. தொல்காப்பியர் எழுத்தொலியின் கால அளவைக் கண்ணிமைத்தலாலும் கைந்நொடித்தலாலுமே அளந்து காட்டினார். பிறர் அறுபதின் கூறாக வகுத்து, எண்ணால் பெயரிட்டதை, நம் முன்னோர் மாந்தன் உடம்பின் இயக்கத்தையே கோலாகக் கொண்டு பெயரிட்டனர். இக்கால அளவுக்கு நொடி என்பதே போதும், பொருத்தமும் அதுவே.

மன்றங்களில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, மற்றொருவர் அதனைத் தாங்கிப் பேசுதலையும் ஆங்கிலர் ‘செகண்டு’ என்பர். நாம் ‘வழிமொழிதல்’ என்கின்றோம். வழி என்பதற்குப் பின் என்னும் பொருளும் உண்டு. வழித்தோன்றல் என்பதில் காண்க. பின்தொடர்தல் என்பதே இலத்தீன வேரின் பொருள் என்று மேலே கண்டோம். முன்மொழிந்ததன் வழியே மொழிதல் என்று சொல்லமைத்தவர் அவ்வேர்ப்பொருளை அப்படியே தமிழில் ஊற்றிவிட்டார். சொல்லைப் பெயர்க்காமல் கருத்தைப் பெயர்த்தல் என்பது இதுதான். இவ்வாறே திரையரங்கின் ‘செகண்டு சோ’ இரண்டாம் ஆட்டம். ‘செகண்டு அண்டு’ வண்டி ஒருகை மாறிய வண்டி. ‘செகண்டு பீரியடு’ இரண்டாம் பாடவேளை. ஒரு சொல்லைப் பலவிடத்தும் தேய்த்து வழங்குவது வளமாகாது. ஒவ்வொரு பொருட்கும் உரிய சொல் இருப்பதே வளம்.

வீட்டுக்குள் வருவோம். நம் பாட்டிமார் பிள்ளைகளை எண்ணிட்டு அழைத்ததில்லை. மூத்தவன், நடுவுளவன், இளையவன், கடைக்குட்டி என்று அழைத்தனர். சிற்றாற்று நீரால் பயிரிடும் நம் உழவர் கார் என்றும் பிசானம் என்றும் இருபோகத்திற்கும் பெயரிட்டனர். குற்றாலத்து அருவிகளையும் எவரும் முதலருவி, இரண்டாமருவி என்று எண்ணிட்டாரில்லை. பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி, புலியருவி என ஒவ்வொன்றன் தன்மையும் இடமும் நோக்கிப் பெயரிட்டனர். ஐந்தருவியில் எண் உண்டெனின், அங்கு நீர் ஐந்து கிளையாய் வீழ்தலைக் கண்டு சொன்ன பெயர் அது. இன்றோ வீட்டில் ‘பர்சுட்டுப் பையன், செகண்டுப் பொண்ணு’. அருவியில் ‘மெயின் பால்சு, ஓல்டு பால்சு’. பெயரிருந்த இடத்தில் எண் வந்தது. எண் வந்த இடத்திலும் அயலெண் வந்தது.

“மொழி வளர்வதே கடன் வாங்கித்தான், ஆங்கிலமே அப்படித்தானே வளர்ந்தது?” என்று வினவுவார் உளர். விடை சொல்வேன். ‘அதர்’ என்பது ‘பிறிது’ என்றும் ‘இரண்டாவது’ என்றும் இருபொருள்பட்டு ஆங்கிலர்க்கு மயக்கம் தந்தது, மயக்கந்தீர வேறொரு சொல் வேண்டியிருந்தது, ஆள்வோர் மொழியில் அஃது ஆயத்தமாய்க் கிடந்தது, கொண்டனர். நமக்கு எம்மயக்கம் இருக்கின்றது? மறு, அடுத்த, இரண்டாம், இரண்டாவது, இரண்டாவதாக என வேண்டுமளவு இருக்கின்றன. இல்லாதவன் கடன் வாங்குவது தேவை. குதிர் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு அண்டைவீட்டில் கைந்நீட்டுவது இழிவு.

ஆங்கிலருள்ளும் இவ்விழிவை உணர்ந்தவர் இருந்தனர். தார்செட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வில்லியம் பார்ன்சு (1801–1886) என்னும் பாவலர், நம்மைப் போன்றே பள்ளியாசிரியராய் இருந்தவர். இலத்தீன, பிரெஞ்சுக் கலப்பை நீக்கித் தூய ஆங்கிலம் எழுதவேண்டும் என்று முயன்றார். 1878இல் இலக்கணநூலொன்றை எழுதி, இலக்கணம் என்பதற்கே ‘பேச்சுத்திறம்’ என்று பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லைப் படைத்துப் பெயரிட்டார். அவர் முயற்சி பெரிதும் வெல்லவில்லை. ஏனெனில் அவர் தோன்றியபோது கலப்பு எண்ணூறாண்டு முதிர்ந்திருந்தது; நாட்டுமக்கள் பழஞ்சொற்களை மறந்தே போயிருந்தனர். மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தபோது நம் மக்கள் வாயில் தமிழ்ச்சொற்கள் இன்னும் உயிரோடிருந்தன; ஆகலின் நம்மியக்கம் வென்றது. பார்ன்சின் தோல்வி நமக்குத் தரும் பாடம் இஃதே: வழக்கு உயிரோடிருக்கும்போதே காக்க வேண்டும், மாய்ந்தபின் அழுது பயனில்லை.

நம்மவர்க்கும் இரண்டு சொல்வேன், சினவாது கேட்க.

ஒன்று: ‘செகண்டு’ என்பதும் தமிழினின்று போனதே என்று ஒலியொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு நிறுவப் புகுவார் சிலர். அது வேண்டா. இற்றைத் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் 1902ஆம் ஆண்டு பிறந்து, 1974 முதல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியில் தம்மையே தேய்த்துக்கொண்ட மொழிஞாயிறு பாவாணர், ஒரு சொல்லுக்கு அதன் இனச்சொற்களையெல்லாம் திரட்டி, வேரும் கருத்தும் வளர்ச்சியும் காட்டிய பின்னரே முடிபு கூறுவார். அவர் பிறந்த மண்ணில் நின்று அரைகுறையாய்ப் பேசுவது அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. ‘செகண்டு’ இலத்தீனச் சொல்லாகவே இருக்கட்டும். நம் ‘இரண்டாவது’ அதனினும் தெளிந்த சொல் என்பதே நமக்குப் போதுமான பெருமை.

மற்றொன்று: ‘2வது தெரு’, ‘5ம் ஆண்டு விழா’ என்று எழுதுகின்றோம். நம் இயக்கத் துண்டறிக்கைகளிலேயே இப்பிழையைப் பன்முறை கண்டிருக்கின்றேன். ‘ஆ’ என்னும் வினையடிதான் இச்சொல்லின் உயிர். அதை வெட்டியெறிந்துவிட்டு ‘வது’ என்று எழுதினால் எஞ்சுவது என்ன? தலையற்ற உடல். ‘2ஆவது’, ‘5ஆம்’ என்றே எழுதுக. அச்சிடுவோர்க்கும் சுவரெழுதுவோர்க்கும் சொல்லுக. இரண்டாகுவது என்று தொல்காப்பியர் தந்ததைக் காக்க நமக்கு வேண்டுவது ஓரெழுத்தின் உழைப்பே.

இதற்கு அரசாணை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் ‘இரண்டாம் பாடவேளை’ என்று சொல்ல எவர் இசைவும் வேண்டா. தாய் தன் மகளை ‘இளையவள்’ என்று சொல்ல எச்சட்டமும் தடையன்று. கடைக்காரர் ‘முதல் தரம்’ என்று சொன்னால் சரக்கு விலைபோகாது நின்றுவிடாது. நடத்துநர் ‘பேரருவி, ஐந்தருவி’ என்று கூவினால் பேருந்து வழிதவறாது. யான் அன்றுமுதல் ஒன்று செய்துவருகின்றேன். வகுப்பில் என் வாயினின்று அயல் வரிசையெண் வழுவின், அதனைக் கேட்ட மாணவன் எழுந்து நின்று என்னைத் திருத்தவேண்டும் என்று சொல்லியிருக்கின்றேன். முதற்கிழமையில் பதினொருமுறை எழுந்தனர். பின்னர்க் குறைந்தது. இப்போது அவர்களே தம்முள் ஒருவரையொருவர் திருத்திக்கொள்கின்றனர்.

குற்றாலத்தினின்று மாலையில் திரும்புங்கால், தென்காசிப் பெருங்கோயிலின் கோபுரம் சாரலினூடே தோன்றிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் அது. அதன் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றதை யான் சிறுவனாய்க் கண்டிருக்கின்றேன். 1990இல் அது மீண்டும் ஒன்பது நிலைகளோடு உயர்ந்தது. அக்கோயிலை எடுத்த பாண்டியன், பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை நேருமாயின் அதனை வந்து நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்லில் பாட்டாகப் பொறித்து வைத்தான். முடிமன்னன் ஒருவன், தான் கண்டறியாத, குலமும் பெயரும் தெரியாத பின்னோனை முன்கூட்டியே வணங்குகின்றான்!

அதனை அம்மாணவனுக்குச் சுட்டிக்காட்டினேன். “ஐயா, கோயிலுக்குச் சொன்னது மொழிக்கும் ஆகுமா?” என்று கேட்டான். ஆகும் என்றேன்.

தமிழன்பர்களே! நம் முன்னோர் கட்டிய மொழிக்கோயிலில் ஒரு கல் பெயர்ந்துகொண்டிருக்கின்றது. சிறு கல்தான், வரிசையெண் என்னும் கல். பெயர்ந்தது தெரிந்தும் பாராதிருப்போமா, எடுத்து வைப்போமா? முதலாவதாக நாம் தொடங்குவோம். இரண்டாவதாக நம் பிள்ளைகள் வழிமொழியட்டும்.